என் நாத்தனார் தேய்த்துவிட்ட மண்ணீரல்

என் வயிற்றுக்குள் ஒரு கட்டி நடமாடிக்கொண்டிருந்தது. நின்றால் தொப்புளுக்குக் கீழே இறங்கும். மல்லாந்து படுத்தால் இடப்பக்கம் ஏறிப்போகும். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. குனிந்து முறத்தை எடுத்தால் வலி சுருட்டி இழுக்கும். எழுபதுகளின் கடைசி. மகள் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை.

"குடல் ஏறிருக்கு மதினி" என்றாள் நாத்தனார் செல்லம். எங்கள் சந்துத் தமிழ்க்காரர்கள் பிள்ளைகளுக்குக் குடலேற்றம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் போட்டு, கட்டியை இடப்பக்கமாக மேலே தள்ளித் தேய்ப்பாள். வலி நின்றுவிடும். அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி? வருடக்கணக்கில் இப்படியே ஓட்டினோம். அவளுக்குப் பேரும் கூடியது.

ஒரு காலையில் அவள் கை வைத்ததும் அலறிவிட்டேன். கட்டி கல்லாக இறுகி, தள்ளினாலும் அசையவில்லை. வாந்தி, குளிர்காய்ச்சல். "இது என் கைக்கு அடங்கல, கிளம்புங்க" என்று அவளே என்னைப் படகில் ஏற்றி எறணாகுளம் கூட்டிப்போனாள்.

அறுவை மருத்துவர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசினார். கட்டியின் ஓரத்தை விரலால் தடவி, அதிலிருந்த பள்ளத்தைக் கண்டுபிடித்தார்.

"ஓரத்துல இந்தப் பள்ளம் இருக்கே, இது குடல் இல்ல, மண்ணீரல்" (இடது விலாவுக்குள் இருந்து இரத்தத்தைச் சலிக்கும் உறுப்பு). அதைப் பிடித்திருந்த நாண்கள் தளர்ந்து, இரத்தக்குழாய்களாலான காம்பில் தொங்கியபடி அலைந்திருக்கிறது. இப்போது காம்பு முறுக்கிக்கொண்டது.

"வயித்துல எண்ணெய் மணக்குதே, யாரு தேய்ச்சது?" என்றார். செல்லம் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"முறுக்கைப் பிரிச்சு நிறம் திரும்பினா அதோட இடத்துல வச்சுத் தைச்சிரலாம். இல்லேன்னா எடுக்கணும்."

"அது இல்லாம உயிரோட இருக்க முடியுமா சார்? பிள்ளை சின்னது."

"தாராளமா. ஆனா அது இல்லாத உடம்பு சில கிருமிகளைத் தாங்காது, காய்ச்சல் வந்தா விளையாட்டு வேண்டாம். உடனே வரணும்."

நிறம் திரும்பவில்லை, கருத்துப்போனதை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது செல்லம் கஞ்சியோடு அழுதுகொண்டிருந்தாள்.

"என் கையே உங்களக் கொன்னிருக்கும் மதினி."

"கொல்லலையே. அழுகையை நிறுத்திட்டுக் கஞ்சியக் குடு."

உறுப்பு தன் இடத்துக்குத் திரும்பியதால்தான் அவள் தேய்த்தபோதெல்லாம் வலி நின்றது. உங்களில் யாருக்காவது வயிற்றில் கட்டி அலைந்தால், வலி நின்றதை நோய் நின்றதாக எண்ணாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம்.

அடுத்த மழையில் உடம்பு லேசாகச் சுட்டது. சும்மா மழைக்காய்ச்சல்தானே என்று முறத்தை எடுத்தேன். செல்லம் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி படகில் ஏற்றினாள். ஊசி போட்ட மருத்துவர், சாயங்காலம் வரை விட்டிருந்தால் கஷ்டம் என்றார். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மகள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். செல்லம் யார் வயிற்றையும் தொடுவதில்லை. நானும் இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அங்கே ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அடுத்த வருடம் அது செய்யலாம், இது செய்யலாம் என்று பேசுவேன். இப்போது என் கணக்கு அன்றைக்கு அன்றைக்குத்தான். அதில் குறையொன்றும் தெரியவில்லை.

தினமும் கிடங்குக்குக் கிளம்பும்போது செல்லம் என் நெற்றியில் புறங்கையை வைப்பாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு, "போங்க மதினி" என்பாள்.

போவேன்.