ராக்கெட்டுக்கு நேர்ந்த கோழி

எங்கள் பெரியப்பாவின் சேவல் ஒரு ராக்கெட்டுக்காகச் செத்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் புறம், விடுதியோடு சேர்ந்தது. ஆண்டு விடுமுறைக்கு அனுப்பும்போது வார்டன் அம்மா ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தனுப்புவார். பள்ளி திறக்கும் அன்று பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். படம் போட்ட மெல்லிய புத்தகங்களை எல்லாம் முன்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் நின்ற எனக்குச் செங்கல் கனத்தில் ஒன்று வந்து சேர்ந்தது. நம் நாட்டில் ராக்கெட் விட ஆரம்பித்த காலத்தில், கடலோர மீனவக் குப்பம் ஒன்றில் கணக்குப் போடும் வேலைக்குப் போன பெண்களைப் பற்றிய சரித்திர நாவல். அட்டையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய ஒரு பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கெட்டைக் காணவில்லை. அதனால்தான் யாரும் அதைத் தொடவில்லை போலிருக்கிறது.

வீட்டில் அப்போது புளிக் காலம். உலுக்கி, ஓடு உடைத்து, காயவைத்த புளியைப் பெரியம்மா வீட்டு வாசல் பந்தலில் மலையாகக் கொட்டியிருப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு மரக்கட்டையால் தட்டித் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். காலையில் ஆரம்பித்தால் வெயில் சாய்கிற வரைக்கும் டொக் டொக் என்று அதே சத்தம். எனக்குக் கட்டை பிடிக்கத் தெரியவில்லை, இரண்டு தடவை விரலில் போட்டுக்கொண்டேன். "அய்ய, நீ தட்டினது போதும். அந்த பொஸ்தகத்தயாவது எடுத்துப் படி, கேக்கறோம்" என்றாள் பெரியம்மா.

நான் அட்டைக்கு அடுத்த பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். ஒன்றையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. உண்மைச் சம்பவங்களின் பின்னணியில் எழுதப்பட்ட கற்பனை என்று போட்டிருந்ததையும் உரக்கப் படித்தேன்.

"அப்டின்னா நெசமா பொய்யா?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை, அதே ஊரில் கட்டிக்கொடுத்தவள்.

"ரெண்டும் கலந்தது."

"கொட்டையோட சேந்ததுதான் புளி. நீ படி கண்ணு" என்று பெரியம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கதையின் நாயகி வசந்தா, கணக்கில் பட்டம் வாங்கியவள். அப்பா பேச்சை மீறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு வருகிறாள். அங்கே ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்த இடத்தில் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள் என்று எதிர்பார்த்து நான் நிறுத்தினேன். ஒருவரும் அசையவில்லை. ஜீப் வராத நாளில் எங்கள் ஊரில் பலாப்பழமும் சைக்கிளில்தான் போகும், நோயாளியும் சைக்கிளில்தான் போவார். அவர்களுக்கு நம்ப முடியாமல் போனது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் கணக்குப் போடுகிறதற்குச் சம்பளமா என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குனிய வேணாமா? நிமிர வேணாமா?" என்றாள் அத்தை.

"தலை குனியணும், அத்தை. கணக்கு போடறப்ப."

"அது குனியறதாடி?"

அம்மா அதிகம் பேசமாட்டாள். பந்தல் காலில் சாய்ந்து, காலை நீட்டி, நார் எடுக்கிற சுலபமான வேலையைச் செய்துகொண்டிருப்பாள். நடுநடுவே ஒரு சுளைப் புளியை வாயில் போட்டுக்கொள்வாள். நான் ஒரு துண்டு எடுத்தால் கையில் அடிக்கும் பெரியம்மா, அம்மாவை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஓரவஞ்சனை எனக்குக் கோபமூட்டியது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று வீட்டிலேயே போனது. இன்னொன்று ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழியில், ஜீப்பில். இரண்டையும் ஆண்கள்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பெற்றவளுக்குச் சொல்வதில்லை. அந்தக் கோடையில் அம்மா மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிறு ஊருக்கே தெரிந்தது, ஆனால் வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். தங்காத வயிற்றுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்வதென்றாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் நேராகக் கேட்கமாட்டார்களாம். கன்று போட இருக்கிற மாட்டின் பேரைச் சொல்வார்களாம், பூ வைத்த மாமரத்தின் பேரைச் சொல்வார்களாம். சாமிக்கு விளங்கிவிடும், கெட்டதுக்கு விளங்காது. இதையெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் பெரியம்மா சொன்னாள். அந்தக் கோடையில் எனக்கு ராக்கெட்டைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

முதல் ராக்கெட் விழுந்த அத்தியாயத்தை நான் நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். கட்டைச் சத்தம் நின்றுபோனது. நான் படித்த லட்சணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வசந்தா ஒரு நாள் அழுதுவிட்டு, மறுபடி கணக்கைத் தொடக்கத்திலிருந்து போட்டாள். சில நாள் கழித்து இரண்டாவதும் விழுந்தது.

"எங்க வுழுந்துச்சாம்?" என்றாள் அம்மா.

"கடல்ல."

"கடல்லன்னா எங்க? எடம் எழுதிகீதா?"

புரட்டிப் பார்த்தேன். "கடல்லன்னுதாம்மா போட்டிருக்கு."

"யாருமே தேடிப் போய்ப் பாக்கலியா?"

இது தேவையில்லாத கேள்வி என்று எனக்குப் பட்டது. விழுந்த ராக்கெட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? அடுத்ததற்கு அல்லவா கணக்குப் போட வேண்டும்? அப்படியே சொல்லவும் செய்தேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று கேட்டதற்கு இன்னொரு கிள்ளு கிடைத்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா முகம் கழுவி, புளி பிசுபிசுத்த கையைத் துடைத்துக்கொண்டு, வேடியப்பன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். கோயில் என்றால் புளியமரத்தடியில் நட்ட கல்லும் இரண்டு வேலும்தான்.

"அப்பா வேடியப்பா, மூணாவது ராக்கெட்டாவது நல்லபடியா மேல போவட்டும். எங்க வூட்டு செவலச் சேவல உனுக்கு அறுக்கறேன்" என்றாள்.

அத்தையும் கும்பிட்டாள். புளி தட்ட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்களும் கும்பிட்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எனக்கானால் வெட்கமாகப் போய்விட்டது. படித்தவள் என்ற முறையில் உண்மையை எடுத்துச் சொல்வது என் கடமை அல்லவா?

"பெரிம்மா, அது நடந்து எவ்ளோ வருசமாச்சு! போச்சா வுழுந்துச்சான்னு கடேசி பக்கத்துல அச்சடிச்சே கீது. இனிமே வேண்டி இன்னா ஆவப் போவுது?"

"நீ இன்னும் படிக்கல இல்ல?"

"படிக்கல."

"நீ படிச்சாத்தான வுழும்?" என்றவள், என் கையிலிருந்த புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "நான் சொல்றப்ப படிச்சா போதும்."

சாமை கொட்டிவைத்திருந்த குதிருக்குள், தானியத்தின் அடியில் புத்தகம் போய்விட்டது. குதிர் என் உயரத்துக்கு மேல். அப்பாவிடம் முறையிட்டேன்; அவர் காதில் விழாததுபோல் போய்விட்டார். அத்தையிடம் கெஞ்சினேன், அவள் விரல்களைக் கிள்ளுவதுபோல் காட்டினாள். பெரியப்பா ஒருவர்தான் என் பக்கம். அவருக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் செவலைச் சேவல் அவர் கையில் தீனி தின்று வளர்ந்தது. அவர் காட்டுக்குப் போனால் பாதி வழி கூடவே போகும். அவரைக் கேட்காமல் கொள்ளாமல் அதை ஒரு ராக்கெட்டுக்கு நேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மனிதர் இடிந்துபோனார்.

"யாருட்டு ராக்கெட்டுடி அது? கெவுருமென்டுதுதான? அவன் கோழி அறுக்க மாட்டானா?" என்று புலம்பினார். வேண்டுதல் உண்மையில் எதற்கு என்று ஆண்களிடம் சொல்கிற வழக்கம் இல்லை.

பிறகு ஒரு விடியற்காலையில் புளி வாங்க வரும் வாணியம்பாடி பாயின் ஜீப் வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அப்பா முன்னமே சொல்லிவைத்திருந்தார். பாய் அம்மாவைப் பார்த்தார், ஏற்றியிருந்த மூட்டைகளில் பாதியைத் தன் கையாலேயே கீழே இறக்கிப் போட்டார். "மெதுவா போலாம்மா, ஒண்ணும் அவசரம் இல்ல. அல்லா பாத்துக்குவான்" என்றார். அம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள், அப்பா பின்னால். மூட்டையை விட்டுவிட்டுப் போகிற வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். பாய்க்கு வியாபாரம் வராது என்று முடிவு கட்டினேன்.

அடுத்து வந்த நாட்களில் பெரியம்மாவும் அத்தையும் ஒரு நிலையில் இல்லை. சோற்றுக்கு உப்பு இருக்காது, அல்லது இரண்டு முறை விழுந்திருக்கும். செல்போன் சிக்னல் கிடைக்கிற பாறை ஊருக்கு மேலே இருக்கிறது. மாறி மாறி அங்கே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் புளி அப்படியே கிடந்தது. பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறதே, வார்டன் அம்மா புத்தகம் எங்கே என்று கேட்டால் குதிருக்குள் இருக்கிறது என்றா சொல்வது என்று நான் என் பங்குக்குத் தூக்கமில்லாமல் இருந்தேன்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பாறையிலிருந்து அத்தை கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது. "பொண்ணு! பொண்ணு பொறந்துகீது! அழுவுதாம், நல்லா அழுவுதாம்!"

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நல்ல செய்திக்கு எதற்கு அழ வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், மூச்சு முட்டியது.

அம்மா பாப்பாவோடு வந்து இறங்கியதும் நான் முதலில் கேட்டது புத்தகத்தைத்தான். பெரியம்மாவே குதிருக்குள் கைவிட்டு எடுத்தாள், உமியைத் தட்டிக் கொடுத்தாள். "இப்ப படி. தைரியமா படி."

பந்தலில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். கட்டைகள் டொக் டொக் என்றன. அம்மா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அதே காலில் சாய்ந்திருந்தாள். நான் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். வசந்தா மணலில் நிற்கிறாள். பின்னிருந்து முன்னாக எண்ணுகிறார்கள். நெருப்பு கக்கிக்கொண்டு ராக்கெட் எழும்புகிறது, மேகத்தைத் தொடுகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது, கடலில் விழுகிறது. வசந்தா அறைக்குத் திரும்பிப் புதுத் தாள் ஒன்றை எடுத்து மேலே நாலாவது என்று எழுதுகிறாள். முற்றும்.

இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்கா? நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தி முகத்திலும் வருத்தம் இல்லை. கட்டைச் சத்தம் நிற்கக்கூட இல்லை. அம்மா இந்த முறை எங்கே விழுந்தது என்று கேட்கவில்லை. பாப்பாவின் காதுக்குள் இருந்த ஏதோ ஒரு தூசியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு. நாலாவது போவும்" என்றாள் அத்தை.

"சரி, நாளைக்கு வெள்ளிக்கெழம. கோழிய காலைலயே புடிச்சு கட்டிடுங்க" என்றாள் பெரியம்மா.

நான் துள்ளி எழுந்தேன். "எதுக்கு கோழி? அதான் வுழுந்துடுச்சே! மேல போனாத்தான அறுக்கறேன்னு வேண்டிக்கினீங்க?"

வீட்டுக்குள்ளிருந்து பெரியப்பா வேகமாக வெளியே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கொழந்த சொல்றது ஞாயம்தான. வுழுந்த ராக்கெட்டுக்கு எவனாவது கோழி அறுப்பானா? சாமியே ஒத்துக்காது."

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க கயிறு எடுங்க" என்றாள் பெரியம்மா.

மறுநாள் வேடியப்பன் கல்லுக்கு முன்னால் பொங்கல் பொங்கியது. சேவலைப் பெரியப்பா பிடிக்க மறுத்துவிட்டதால் அப்பாவே கொண்டுவந்தார். அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று கணக்கு. சேவல் சிலுப்பவில்லை. கல்லையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா. சாமிக்கும் கணக்கு தெரியுது" என்று என் காதில் சொன்னார்.

அப்போது அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்லுக்கு நேராகப் பாப்பாவைத் தரையில் கிடத்தினாள். வெறும் மண் முதுகில் பட்டதும் அது வீறிட்டுக் கத்தியது. சேவல் மிரண்டுபோய் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே சிலுப்பாகச் சிலுப்பியது. பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியைத் தேடினார், கத்தி அவர் கையிலேயே இருந்தது.

என் தங்கைக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தார்கள். ஆனால் பெரியம்மா இன்றுவரை அவளை ராக்கெட்டு என்றுதான் கூப்பிடுகிறாள். சின்ன வயதில் ஓயாமல் ஓடியதால் வந்த பெயர் என்று தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று பந்தி போட்டபோது நானும் பெரியப்பாவும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டோம். அவர் முதலில் தனக்குச் சோறு மட்டும் போதும் என்றார், பிறகு குழம்பும் வாங்கிக்கொண்டார். பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் இதைக் கேட்கப் போகிறேன் என்று நான் சொன்னேன். ராக்கெட் விழுந்துவிட்டது, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, எல்லோரும் கேட்டார்கள், அப்படியும் கோழியை அறுத்துவிட்டு எல்லோரும் எதற்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்?

"படிக்காத ஜனங்கம்மா" என்றார் பெரியப்பா, எலும்பைக் கடித்துக்கொண்டே. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.