தலைகீழாய் ஒட்டிய படம்

விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராயும் எங்கள் வான்படப் பிரிவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபத்தையெல்லாம் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த ஆள் ஓய்வுபெற்ற தளபதி. போரில் அவள் அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் ஆற்றங்கரையில் பதுங்குகுழி வெட்டி மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். அப்பா மட்டுமே உயிரோடு திரும்பினார். முன்வரிசையை எட்டிக்கூடப் பார்க்காத தளபதி, ‘குழியே வெட்டவில்லை, பயந்து ஓடிவிட்டார்கள்’ என்று அறிக்கை எழுதினார். ஆதாரமாக ஒரு வான்படத்தையும் ஒட்டினார். அப்பா ‘ஓடிவந்தவன்’ என்ற பெயரோடேயே செத்தார். பள்ளிக்கூடத்தில் இவள் ஓடிவந்தவன் மகள். அந்தப் படத்தைத் தேடித்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

போன மாதம் ஒரு கண்காட்சிக்காகப் பழைய போர்க் கோப்புகள் எங்கள் மேசைக்கு வந்தன. அறிக்கையும் அதில் இருந்தது. படத்தை நானும் பார்த்தேன்.

“மண்மேடுதானேம்மா இது?” என்றேன்.

அவள் ஓரத்திலிருந்த மரத்தின் நிழலைப் பார்த்தாள். கோப்பை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். மேடு குழியாகிவிட்டது!

வான்படத்தில் நிழல் நம்மை நோக்கி விழவேண்டும். மாற்றி வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும். எங்களுக்கு இது அரிச்சுவடி; அவசரத்தில் நானே கோட்டைவிட்டேன். அந்த மகானுபாவர் படத்தைத் தலைகீழாக ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

“மேலிடத்துக்கு எழுதிப் போடு” என்றேன்.

“கிடப்புல போட்டுடுவாங்க. அந்த ஆள் வாயாலயே வரணும்.”

கண்காட்சியைத் திறந்துவைக்க வருபவரே தளபதிதான். படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, நிழல் கீழே விழும்படி மாட்டினாள். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

திறப்பு விழாவில் தளபதி கைத்தடியால் படத்தைத் தொட்டு ஒரு நிருபருக்குக் காட்டினார். “பதுங்குகுழில ஏழு வளைவு, பாத்தீங்களா! இதுல ஆறு பேர் இருந்தா மூணு நாள் தாங்கலாம். வெட்டினவன் கெட்டிக்காரன்.”

“இன்னொரு தடவ சொல்லுங்கய்யா, நிருபர் எழுதிக்கிறார்” என்றாள் குழைவாக.

சொன்னார்.

“வெட்டினது எங்கப்பா” என்று கோப்பை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தன் கையெழுத்தைப் பார்த்தார். கோப்பைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். கைத்தடியை ஊன்றிச் சுவரில் சாய்ந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. யாரோ நாற்காலி கொண்டு ஓடிவந்தார்கள்.

அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

“நிக்கட்டும். எங்கப்பா மூணு நாள் நின்னார்.”