மச்சான் வண்டி ஓட்டுவதை விட்ட காரணம்

என் அக்கா புருஷன் வண்டி ஓட்டுவதை விட்டதற்கு நான்தான் காரணம் என்று பதினோரு வருஷமாக ஒரு பேச்சு இருக்கிறது. நான் ஒரு குழாயை மாட்டினேனாம், அதில் என்ஜின் கெட்டுப்போனதாம், மனுஷன் வெறுத்துப்போய்ச் சாவியை ஆணியில் தொங்கவிட்டாராம். இதைக் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை, அவரேதான். பக்கத்துப் பட்டறைக்காரன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் வந்துகொண்டிருந்த வண்டிகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா என் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி எழுதலாம்.

மச்சான் மீசை முளைக்கும் முன்பே லாரியில் ஏறியவர். பதினெட்டு வருஷம் லாரி. அந்தக் காலத்து லாரியில் என்ஜின் வெளியே எங்கோ இருக்காது, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் கிடந்து கத்தும். அதன் மேல் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்தால் சோறு சூடாகவே இருக்கும். அக்காவைக் கட்டிய பிறகுதான் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்.

தெருவில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். சும்மா வைக்கவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஏதோ வண்டி போனது. கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்க, "அந்த வண்டிக்கு வாட்டர் பம்ப் பேரிங் போகப் போகுது" என்றார். அக்கா, "முதல்ல உங்க கையில இருக்கிறது வாய்க்குப் போகட்டும்" என்றாள். அதே வாரம் அந்த வண்டியைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். வாட்டர் பம்ப்தான்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. ஸ்பானர் என் கையில், காது அவருடையது. முழ நீளத்தில் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தோம். ஒரு முனை அவர் காதில், மறு முனை என்ஜின் மேல். டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோல ஒவ்வொரு இடமாக வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். "இங்க பிரி" என்பார், பிரிப்பேன். இருபது வருஷத்தில் அந்தக் குழாயை நான் என் காதில் வைத்ததே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாட்களில் எனக்குக் காது ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே கிடையாது.

ஒருநாள் காலையில் கக்கத்தில் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பளபளவென்று பருத்த அலுமினியக் குழாய், அதன் முனையில் சிவப்பாகக் கூம்பு வடிவத்தில் ஏர் ஃபில்டர். வண்டி கூடவே வந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டுமாம். பந்தயம் விடுகிற பையன்கள் உறுமல் சத்தத்துக்காக மாட்டுகிற சாமான் இது.

"தலைக்கு மை அடிச்சது பத்தலையா மச்சான்?"

"மாட்டுடா மாப்பிள்ளை. என்ஜின் மூச்சு விடுறது டிரைவர் காதுல விழணும்."

மாட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் நன்றாகத்தான் உறுமியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஆனால் காலை எடுத்ததும் பிடித்தது சனியன். வண்டி நிற்கும்போது என்ஜின் ஒரே சீராக ஓடவில்லை. மீட்டர் முள் ஏறும், இறங்கும், ஸ்டீயரிங் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும்.

அவருக்கு நிரந்தர சவாரி ஒரு வங்கி மேனேஜரம்மா. காலையும் மாலையும் அவரைக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. அந்தம்மா உட்கார்ந்திருக்கும்போதே நாற்சந்தி நடுவில் இரண்டு தடவை வண்டி நின்றுவிட்டது. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அந்தம்மா போனால் அதே வங்கியின் மற்ற சவாரிகளும் கூடவே போய்விடும்.

நான் தூங்கவில்லை. புது ஃபில்டரில் எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது, கழுவிக் காயவைத்தேன். உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரில் அந்த எண்ணெய் படிந்திருக்குமோ என்று ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தேன். த்ராட்டிலைப் பிரித்துத் துடைத்தேன். ப்ளக் மாற்றினேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பழசை மறக்கட்டும் என்று அரை நாள் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் அடங்கும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். சென்சாரின் கணக்குக்கு வராமல் எங்கோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. இருந்தால் சீறல் கேட்கும். அந்தப் பருத்த குழாய் போடுகிற இரைச்சலில் வெறும் காதால் பிடிக்க முடியாது. ரப்பர் குழாயை மச்சானிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இணைப்பு இணைப்பாக வைத்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு மாப்பிள்ளை."

பாம்புச்செவி சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? நான் பெட்ரோல் பம்ப் வரைக்கும் பிரித்தேன். அந்த வாரம் மூன்று தடவை குழாயைக் கொடுத்தேன், மூன்று தடவையும் சுத்தம் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் எனக்கு முதுகைக் காட்டித் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னமோ தோன்றி ரப்பர் குழாயை என் காதில் வைத்துக்கொண்டேன். மறு முனையை என்ஜின் பின்பக்கம் கொண்டுபோனதுமே நாகம் மாதிரிச் சீறியது. சுண்டுவிரல் பருமனில் ஒரு காற்று ஓஸ். புதுக் குழாய்க்கு இடம் வேண்டுமென்று அதை ஒதுக்கி இழுத்து மாட்டியவன் நான்தான். வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிழிந்திருந்தது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். விரலால் பொத்தினேன். என்ஜின் பால் குடித்த பூனைபோல் அடங்கியது.

"மச்சான்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். நாலடி தூரம்தான். கைதவறி ஸ்பானர் தட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. எதிர்க் கடைக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். மச்சான் முழங்கைக்கு நிதானமாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

போய் அவர் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த ரப்பர் குழாயைப் பார்த்தார், தண்ணீரை நிறுத்தினார்.

"மூணு வருஷம் ஆச்சு. முதல்ல இடது. இப்ப ரெண்டும்."

"அப்புறம் எதுக்குச் சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க?"

"எனக்குக் கேட்டது அதுதானே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அறையலாம் போலவும் இருந்தது. என்ஜின் சத்தம் கேட்காமல் கியர் மாற்றத் தடுமாறியிருக்கிறார். அதற்குத்தான் அந்த உறுமல் குழாய். காதில் விழாவிட்டாலும் நெஞ்சில் அதிருமாம். பின்னால் வருகிறவன் ஹாரன் என்ன ஆவது, ஆம்புலன்ஸ் என்ன ஆவது, பின்சீட்டில் இருக்கிற அந்தம்மா என்ன ஆவார் என்று கேட்டேன். வாயசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். ஓஸை மாற்றினேன், சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். தரமாட்டேன் என்றேன்.

பழைய டயர் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தார். பிறகு, "சரி. ஆனா காதுன்னு வெளிய சொல்லாத. பாம்புச்செவிக்குக் காது போச்சுன்னு தெருவே சிரிக்கும். உங்கக்காவுக்கும் வேண்டாம்" என்றார்.

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"உன் தலையில போடுறேன். நீ தாங்குவ."

தலையாட்டித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே எதிர்க் கடையில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு மனசாரச் சொல்லுவார் என்று நான் நினைக்கவில்லை.

வண்டிக்கு வேறு டிரைவர் போட்டார். மச்சான் தினமும் என் பட்டறைக்கு வந்து, பானெட்டில் உள்ளங்கையை வைத்து நோய் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி சரியாகவே இருக்கும். வாடிக்கையாளர் யாராவது கைவிட்டுப் போன நாளில், மச்சான் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். தற்செயலாகத் திரும்பினால், வாயசைவை மட்டும் பார்த்து, நான் ஏதோ கேட்டேன் என்று நினைத்து, "ஆமா ஆமா, அதான் சரி" என்பார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

வீட்டில்தான் நிலைமை வேறாக இருந்தது. எதிரே நின்று பேசினால் சமாளித்துவிடுவார். அக்காவோ எதையும் அடுப்படியில் இருந்தே பேசுகிறவள். பதில் வராது. வண்டி ஓட்டுவது நின்றுபோன கோபத்தைத் தன் மேல் காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். "கல்லுகிட்ட பேசுறேன்டா" என்பாள் என்னிடம், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. காதுக்கு மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை அவரிடம் சொன்னேன், நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். போகப் போக அக்காவும் பேச்சைக் குறைத்தாள். தட்டை வைப்பாள், எடுப்பாள். ஒரு காலத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே உள்ளே போவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். ஒரு மத்தியானம் போயிருந்தேன். அக்கா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் நூலாக இளைத்திருந்தது.

"மாப்பிள்ளை, உங்கக்கா நான் வேணும்னே பேசாம இருந்தேன்னு நினைச்சுட்டு இருக்கா. காது விஷயத்தைச் சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன், வாயை நன்றாக அசைத்து.

"நான் சொன்னா திருப்பி ஏதாவது கேப்பா. எனக்கு விழாது. நீ சொல்லு. நான் போனப்புறம் சொல்லாத, இப்பவே கூப்பிட்டுச் சொல்லு. அவளை இங்க ஜன்னல்கிட்ட, வெளிச்சத்துல நிக்க வை. நான் அவ முகத்தைப் பாத்துக்குறேன்."