கூடாரத்துக்கு வெளியே ஒரு படையல்

வன்னியில் சண்டை முடிந்து நாலு மாதமாகியிருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம் ஐந்து மணியளவில் என் மனைவியின் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வரும். எடுத்தால் பேச்சு இல்லை. தூரத்தில் தண்ணீர் ஓடுவதுபோல ஓர் இரைச்சல் மட்டும் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் அதோடு பேசுவாள்.

"தம்பி, சாப்பிட்டியே? காய்ச்சல் விட்டிட்டுதே? கதைக்கேலாட்டிப் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிரு."

பத்து நிமிடம் இப்படிப் போகும். பிறகு இணைப்பு தானாக அறுந்துவிடும். அவளுடைய ஒரே தம்பி வைகாசிக்குப் பிறகு எந்த முகாம் பட்டியலிலும் இல்லை. அவன்தான் அழைக்கிறான், பேச முடியாத இடத்தில் இருக்கிறான் என்பது அவளுடைய முடிவு. சமையலறைக் கதவோரம் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடும். காரணம், அவன் செத்துப்போனது எனக்குத் தெரியும்.

ஆனி மாதத்திலேயே தெரியும். இங்கே கனடாவில், மிசிசாகாவில் நான் வேலை செய்த கிடங்குக்கு வெளியே நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வன்னி அகதி முகாமிலிருந்து ஒருவன் அழைத்தான். "அண்ணை, நான்தான் என்ரை கையால மண் போட்டு மூடினனான். அக்காட்டைச் சொல்லிப்போடுங்கோ" என்றான். சனிக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை அவள் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பெயர்ப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனியும் அதுதான். நான் பெரிய வாய்க்காரன், ஊர் நியாயமெல்லாம் கதைப்பேன். இதை மட்டும் சொல்லத் துணிவு வரவில்லை.

தொலைபேசி வேலை செய்யாத இடமொன்றுக்கு அவளைக் கூட்டிப்போய்ச் சொல்வோம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எந்த மூளையால் அப்படி யோசித்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. கூடவேலை செய்யும் ஒருவனிடம் கூடாரம் இரவல் வாங்கினேன். "காடு பாக்கப்போறமோ? இஞ்சத்தைய ஆக்கள்தான் வீடு இருக்க வெளியில படுக்கிறவை" என்றாள் மனைவி. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். வியாழன் ஐந்து மணிக்கு முன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

செவ்வாய் வெளிக்கிட்டோம். சட்பரி தாண்டி, சூ செயின்ட் மேரியில் ஒரு மோட்டலில் தங்கி, புதன் காலை சுப்பீரியர் ஏரியின் கரையோரமாக வடக்கே ஓடினோம். சிறிது நேரத்திலேயே தொலைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமல் போயின. அவள் அதை மடியிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மூடிய பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள்.

கூடாரமடிக்கும் பூங்காவின் வாசலில் இருந்த பெண் மஞ்சள் தாள் ஒன்றைத் தந்து இரண்டு தடவை சொன்னாள். கரடி திரிகிறது, சாப்பாட்டு மணம் வெளியே இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் காரின் டிக்கிக்குள் வைத்துப் பூட்டுங்கள். நான் தலையை ஆட்டினேன். எங்கள் பெட்டியில் இருந்ததோ புட்டு, இடிச்ச சம்பல், அவித்த முட்டை, அறக்குளா மீன் குழம்பு. கனடாவிலேயே அதிக மணமுள்ள கார் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

கூடாரத்துக்குக் கீழே ஓர் ஆறு. அதில் சாமன் மீன்கள் முட்டையிட ஏறிக்கொண்டிருந்தன. படங்களில் பார்ப்பதுபோலத் துள்ளவில்லை. வாலும் முதுகும் வெள்ளை வெள்ளையாக அழுகி, ஒன்றுக்குக் கண்ணே இல்லாமல், அப்படியே நீந்திக்கொண்டிருந்தன. கரையில் தலையில்லாத மீன்கள் கிடந்தன. ஒருவரும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை, தண்ணீரின் இரைச்சல் மட்டும். எனக்கு அது எங்கேயோ கேட்ட இரைச்சலாக இருந்தது.

"உதுகள் உயிரோடயே அழுகுதுகளப்பா" என்றாள் அவள். "ஆனாலும் போகுதுகள். பாத்தீங்களே?"

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னேன்.

வியாழன் காலை ஏரியிலிருந்து பனிப்புகார் ஏறி, பத்தடிக்கு அப்பால் கார் மங்கலாகத் தெரிந்தது. அவள் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக் கட்டடத்துக்குப் போனாள். சொல்ல முடியாதவன் செய்யவாவது செய்வோம் என்று நான் எழும்பினேன். அவனுக்கு அந்தியேட்டி இல்லை, எட்டுச் செலவு இல்லை, ஒரு பிடி சோறுகூட ஒருவரும் படைக்கவில்லை. மூன்று மாதமாக அது என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. வெட்டிய மரக்குற்றி ஒன்றின்மேல் அலுமினியத் தாளை விரித்துப் புட்டு, குழம்பில் இரண்டு துண்டு அறக்குளா, முட்டை வைத்தேன். போத்தல் மூடியில் கொஞ்சம் சாராயம். வழியில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தேன். அவன் வீட்டுக்குத் தெரியாமல் பிடிப்பவன். அது எனக்கும் அக்காக்காரிக்கும் மட்டும்தான் தெரியும்.

படைத்தால் கதவைச் சாத்திவிட்டு விலகி நிற்பது எங்கள் வழக்கம். செத்தவர் வந்து சாப்பிடுவதைப் பார்க்கக்கூடாது. காட்டில் எங்கே கதவு? கூடாரத்துக்குள் போய் ஸிப்பை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாள் சரசரத்தது. பிறகு மெல்லும் சத்தம். அவசரமில்லாத, நிறைய நாள் பசித்தவர் ஆறுதலாகச் சாப்பிடும் சத்தம். நடுவில் ஒரு நீண்ட மூச்சு. என் உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. பயம் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் சந்தோஷமும் இருந்தது. வந்துவிட்டான் என்று நினைத்தேன். படித்த மனுசன், நாற்பது வயது, அப்படித்தான் நினைத்தேன். "மச்சான்" என்று வாய் எடுத்தபோது ஈரச்சாக்கு நாற்றம் கூடாரத்துக்குள் வந்தது. துணியில் ஒரு நிழல் நகர்ந்தது. அது மனித நிழல் இல்லை.

காருக்குப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல், மிக மெதுவாக: "இஞ்சருங்கோ, அசையாதேங்கோ. கரடி நிக்குது."

அது முழுவதையும் தின்றுவிட்டுத்தான் போனது. பற்றைக்குள் கிளைகள் முறியும் சத்தம் ஆற்றுப்பக்கமாக இறங்கியது. அது அடங்கிய பிறகு ஸிப்பைத் திறந்தேன். அவள் மரக்குற்றிக்கு முன்னால் நின்றாள். நக்கித் துடைத்த தாள், கவிழ்ந்த மூடி, புல்லில் விழுந்து இன்னும் புகைந்துகொண்டிருந்த சிகரெட். நான் சிகரெட் பிடிப்பதில்லை. அவள் அதையே பார்த்தாள். பிறகு மூடிய கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்த என்னைப் பார்த்தாள்.

"எத்தினை நாளாத் தெரியும்?"

"ஆனியிலயிருந்து."

"ஆர் சொன்னது?"

சொன்னேன். மூடியவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை.

"துணியால சுத்தித்தான் மூடினவையாமோ?"

எனக்குத் தெரியவில்லை.

"அதைக்கூடக் கேக்கேல்லையே நீங்கள்" என்றாள். என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு ஆழமாக ஏசியதில்லை.

கூடாரத்தைச் சுருட்டிக் காருக்குள் எறிந்துவிட்டு வெளிக்கிட்டோம். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள். "அப்ப வியாழக்கிழமையில எடுக்கிறது ஆர்?"

ஏதாவது கொம்பனியின் மெஷினாக இருக்கும், சாமான் விற்கிறவர்கள் அப்படி நூறு பேருக்கு ஒரே நேரத்தில் எடுப்பார்கள், அந்தப் பக்கம் பேச ஆள் இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான் வரும் என்று விளக்கினேன். நல்ல விளக்கம். அவள் தலையாட்டினாள்.

சூ செயின்ட் மேரியை நெருங்கும் இடத்தில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். தொலைபேசியில் கோடுகள் திரும்ப வந்திருந்தன. பின்னேரம் வரை அங்கேயே காத்திருந்தோம். ஐந்து மணிக்கு அது அடித்தது. அவள் எடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

"நீங்கள் கதையுங்கோ. இவ்வளவு நாளும் நான்தானே கதைச்சனான்."

ஆங்கிலத்தில் நாலு வார்த்தை திட்டி, இனி எடுக்காதே என்று சொல்லத்தான் வாங்கினேன். காதில் வைத்தேன். அதே இரைச்சல். நேற்றுக் காலடியில் ஓடிய ஆறு. திட்டு வரவில்லை.

"மச்சான்" என்றேன். "சாப்பிட்டியே?"

இரைச்சல் சட்டென்று நின்றது. இணைப்பு அறுபடவில்லை. தொலைபேசியின் முகப்பில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல ஒரு அமைதி. பிறகு அதுவும் போய்விட்டது. அதன் பிறகு எந்த வியாழக்கிழமையும் அந்த அழைப்பு வரவில்லை.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டிட்டானாமே?"

"ஓம்" என்றேன். அவளுக்கு நான் சொன்ன பொய்களில் இதை நான் சேர்ப்பதில்லை.