விரிசல் விடாத எஞ்சின்

பொய் சொல்லி என் தந்தையின் காரைப் பறித்தவன் நான்.

எஞ்சினில் விரிசல் விட்டுவிட்டது, இனி அது ஓடாது, ஆகவே விற்றோம்... உறவினர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள். என் தந்தையும் அப்படியே நம்புகிறார். இல்லை! அந்த எஞ்சினில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. விரிசல் என்பது நான் கட்டிய கதை.

ஒரு பழைய காருக்காகவா இத்தனை பதற்றம் என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் படித்த பிறகு கேளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குப் பெயிண்டுக் கடை இருந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரிடமிருந்து அப்பா ஓர் அம்பாசிடரை வாங்கி வந்தார். வெள்ளையெல்லாம் மங்கி மோர் நிறத்துக்கு வந்திருந்த வண்டி. கடையிலிருந்தே டப்பாக்களைக் கொண்டுவந்து, தாமே கலந்து, தாமே நீலம் அடித்தார். அந்த நீலம் வேறெந்தக் காரிலும் கிடையாது. எங்கள் வீட்டுக்கே 'நீலக் கார் வீடு' என்று பெயர் வந்துவிட்டது.

முன் இருக்கை ஒரே நீளமாக இருக்கும். அப்பா, அம்மா, நடுவில் என் தங்கை மலர். பின்னால் நானும், அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர் அத்தனை பேரும். பிச்சாவரத்தில் படகு பார்க்கப் போனாலும் அந்தக் கார்தான், கிள்ளையில் இறால் வாங்கப் போனாலும் அந்தக் கார்தான். ஒருமுறை காடாம்புலியூரிலிருந்து பலாப்பழங்களை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தோம். ஒன்று வெடித்துவிட்டது. அந்த வாசனை போவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது! அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

கெடிலத்தில் வெள்ளம் வந்த ஒரு மழையில், எதிர்வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் அப்பா கொண்டுபோனார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எந்த வண்டியும் வர மறுத்த நேரம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அப்பா திரும்பி வந்து, மனிதரைத் தட்டிக்கொடுப்பதுபோல் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அந்தக் காரை வெறுத்தவன் அல்லன். இதை நீங்கள் நம்ப வேண்டும். உங்களைவிட, யாரையும்விட, நான் அதை நேசித்தேன்... பிறகு ஏன்?

மலரைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தோம். நல்ல இடம். எனக்கும் அவளுக்கும் பகை ஏதும் இருந்ததில்லை, அம்மா இறக்கும்வரை. பதினாறாம் நாள் காரியத்தில், கூடம் நிறைய உறவினர் உட்கார்ந்திருக்க, அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீயும் அண்ணியும் ஒழுங்கா பாத்துருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாளு இருந்துருக்கும்ண்ணா."

படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மலஜலம் எடுத்தவள் என் மனைவி சுமதி. அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். "எழுந்து போடி வெளிய!" என்று கத்தினேன். மலர் போனாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா இருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் காரைத் துடைத்து, சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் என்னிடம், "வரியாடா?" என்பார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன். சாயங்காலம் திரும்புவார். கையில் மலர் கொடுத்தனுப்பிய இறால் தொக்கு இருக்கும். முகத்தில், எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்திராத ஒரு தெளிவு இருக்கும்.

ஒரு ஞாயிறு, "வரியாடா?" என்று கேட்காமலே போய்விட்டார்.

அன்று எனக்குள் என்ன நடந்தது? கோபமா? பொறாமையா? நான் இங்கே அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன், வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அவரோ வாரம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார்! ஞாயிறுகளில் வெறிச்சோடிக் கிடக்கும் கார் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் என் பல் கடிபடும்.

அப்போதுதான் சிதம்பரம் போகும் வழியில், புதுச்சத்திரத்தில் அது நடந்தது. எதிரே வந்த சைக்கிள்காரரை அப்பா கவனிக்கவில்லை. கடைசி நொடியில் ஒடித்ததில் கார் ஓரத்து மைல்கல்லில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. போன் வந்து நான் ஓடினேன். அப்பா ஒரு டீக்கடை பெஞ்சில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"வெயிலு கண்ணுல அடிச்சிடுச்சிடா... வேற ஒண்ணும் இல்ல."

கண்ணில் புரை விழுந்திருந்தது. மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார், அதன்பின் பார்வை நன்றாகவே வரும் என்றார். அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். காரையும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"கண் சரியாகும்வரை ஓட்டாதீர்கள்" என்று நான் நேரே சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார். நான் சொன்னால் கேட்கிற மனிதர்தான். ஆனால் அடுத்து என்ன சொல்லியிருப்பார்? "அப்ப நீ ஓட்டிக்கிட்டு வாடா" என்றிருப்பார். மலரின் வாசலில் நான் போய் இறங்க வேண்டும்... அது மட்டும் முடியாது! ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் கார் கிளம்ப மறுத்தது. எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஜாகிர் பாயை வரச் சொன்னோம். லால்பேட்டைக்காரர், கடலூரில் பட்டறை வைத்திருந்தவர். அப்பா உள்ளே சட்டை மாற்றப் போன இடைவெளியில் அவர் என்னிடம் சொன்னார்:

"பேட்டரி போயிடுச்சுண்ணா, அவ்ளோதான். வேற போட்டா ஜம்முனு ஓடும்."

நான் யோசிக்கவே இல்லை. யோசித்து வைத்திருந்தவன்போல் வார்த்தை வந்தது.

"பாய், இன்ஜின்ல விரிசல் விட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. இனிமே ஓடாதுன்னு சொல்லிடுங்க."

"இன்னாண்ணா சொல்றீங்க? ஐயா உசுரே விட்டுடுவாரு."

"கண்ணு தெரியல பாய் அவருக்கு. நாளைக்கி யாரயாவது இடிச்சித் தூக்கிட்டா? நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் பானெட்டை இழுத்து மூடினார். பிறகு அப்பா வந்ததும், நான் சொன்னதை அப்படியே சொன்னார். அப்பா பானெட்டின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே பண்ண முடியாதா பாய்?" என்று மட்டும் கேட்டார். பாய் தலையை ஆட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "நல்ல காரியம்தானே! பார்வை மங்கிய கிழவரைச் சாலையிலிருந்து காப்பாற்றினாய், எதிரே வருபவர்களையும் காப்பாற்றினாய்" என்பீர்கள். யாரிடம் சொன்னாலும் இதே பதில்தான் கிடைக்கும். அதுதான் என்னைச் சுற்றி எழுந்திருக்கும் சுவர்! சொன்ன காரணம் உண்மை. செய்த காரணம் அதுவல்ல.

நம்பவில்லையா? இதையும் கேளுங்கள்.

இனி ஓட்டுவதற்கு வண்டி இல்லை என்றானதும், அப்பா மறுக்காமல் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். புதுச்சேரியில் சேர்த்தோம். அவருக்குத் துணையாகச் சுமதியை விட்டுவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் மட்டும் திரும்பினேன். பார்வை திரும்பிவிட்டால்? அவரே பானெட்டைத் திறந்து பார்த்தால்? வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தால்?

பழைய கார் வாங்குகிற ஆள் ஒருவன் வந்தான். ஒரு பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு! எத்தனையோ மாலைகளில் நாங்கள் வாசலில் நின்று கேட்ட அதே உறுமல். "நல்லா வச்சிருக்காருங்க பெரியவரு" என்று பாராட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். கார் தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையைத் தட்டிக் கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பான். நான் கூப்பிடவில்லை.

அப்பா தெளிந்த கண்களோடு வீடு திரும்பினார். எதிர்வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததைச் சிறுபிள்ளைபோல் உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு கொட்டகைப் பக்கம் போனார்.

"வண்டி எங்கடா?"

"வித்துட்டேம்பா. பழைய இரும்புக்குத்தான் எடுத்துக்கிட்டாங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! "நம்பர் பிளேட்டயாவது கழட்டி வச்சியா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அதன்பின் மலர் வீட்டுக்குப் பேருந்தில் போகத் தொடங்கினார். முழங்கால் வலியோடு, நின்றுகொண்டே. "நான் கூட்டிட்டுப் போறேம்பா" என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை. கொஞ்ச காலம்தான். சிதம்பரம் பேருந்து நிலையத்தில், படியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு மலர் வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எங்களுக்கிடையில் அவர் படுத்திருந்தார். நாங்கள் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பா இன்றும் எழுந்து நடப்பதில்லை. தெருப்பக்கத்து அறையில் கட்டில். நான்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன், நான்தான் முகம் மழித்துவிடுகிறேன். ஊரில் எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர். மலர் வாசல் மிதிக்கவே இல்லை. போனில் மட்டும் அப்பாவோடு பேசிவந்தாள். பேச்செல்லாம் நீலக் காரைப் பற்றித்தான். பலாப்பழம், பிச்சாவரம், அம்மாவின் சிரிப்பு...

சென்ற மாதம் ஒரு முற்பகல். அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதி முகம் நுரையாக இருந்தது. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. திட்டக் கூடாது."

"சொல்லுங்கப்பா."

"அந்த இன்ஜின்ல விரிசல் விட்டது என்னாலதாண்டா. கடைசி தடவ மலர் வீட்லேர்ந்து வரச்ச ஆலப்பாக்கத்துலயே வண்டி சூடாயிடுச்சு. நிறுத்தி தண்ணி ஊத்தியிருக்கணும். பொழுது போவுது, கண்ணு தெரியாதேன்னு பயந்துக்கிட்டு அப்டியே ஓட்டியாந்துட்டேன். நம்ம எல்லாரயும் சொமந்த வண்டிய நானே கொன்னுட்டேண்டா... இத்தினி வருசமா உங்கிட்ட மறைச்சிட்டேன்."

நுரையின் மேல் கண்ணீர் கோடிழுத்தது.

இத்தனை ஆண்டுகள்! செய்யாத குற்றம் ஒன்றை அந்த மனிதர் படுத்த படுக்கையில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்குச் சோறு ஊட்டிய ஒவ்வொரு வேளையிலும் அது அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது. இப்போது சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று அலறியது. வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

"பரவால்லப்பா, விடுங்க" என்றேன்.

மன்னித்துவிட்டேன்... நான் அவரை மன்னித்துவிட்டேன்! இதைவிடக் கீழான ஒரு செயலை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அன்றே அவர் மலருக்கும் போனில் இதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மலர் இறங்கினாள். கூந்தல் நரைத்திருந்தது. நேரே சுமதியிடம் போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நான் பாவிண்ணா. நீதான் வேணும்னே வண்டிய ஒழிச்சிக்கட்டி அப்பாவ என் வீட்டுக்கு வரவிடாம பண்ணிட்டன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். அவுரு சொல்லித்தான் தெரிஞ்சிது. என்ன மன்னிச்சிடுண்ணா."

அவள் சரியாக நினைத்திருந்தாள். சரியாக நினைத்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்தக் கை எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் மலர் குடும்பத்தோடு வருகிறாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சுமதி பல ஆண்டுகளுக்குப் பிறகு மலருக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள். அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு பேசுகிறார். இவை அத்தனையும் என் பொய்யின் மேல் நிற்கின்றன. நான் உண்மையைச் சொன்னால் அத்தனையும் சரியும். சொல்லாவிட்டால், தாம் கொன்றதாக நினைக்கும் ஒன்றின் பாரத்தோடு என் தந்தை சாவார். அவர் இருக்கும்வரை சொல்லத் துணிவில்லை. அவர் போனபின் சொல்லி யாருக்கு என்ன? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது...

சென்ற ஞாயிறு மலரின் மகன் தாத்தாவிடம் அந்தக் காரின் கதையைக் கேட்டான். அவர் ஒன்றையும் மறைக்காமல், தம் 'குற்றத்தை' முழுவதும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் காட்டினார்.

"உங்க மாமன் ஒரு வார்த்த கேக்கலடா என்னை. வேற எவனா இருந்தாலும் குத்திக் காட்டியிருப்பான். எம் புள்ள கேக்கல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையோடு. மலரின் கண்கள் கலங்கியிருந்தன.

நான் சிரித்தேன். பிறகு அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லி எழுந்தேன். "தண்ணி இங்கயே இருக்குடா, உக்காரு" என்றார் அப்பா. உட்கார்ந்தேன்.