ரோம் முதல் லண்டன் வரை: பேருந்தில் நான் எண் பதினெட்டு

எனக்கும் பிரபுவுக்கும் போன வருடக் கடைசியில் நியூசிலாந்து பாஸ்போர்ட் கிடைத்தது. இனி ஷெங்கன் விசாவுக்காகச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்ற ஒரே சந்தோஷத்தில், பேருந்தில் ஐரோப்பாவைச் சுற்றிக் கூடாரத்தில் தங்கும் ஏழு வாரக் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் மிகக் குறைவு. எங்கள் மகள் இனியாவுக்கு ஆறு வயது. ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் பாட்டனி டவுன்ஸில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “குழந்தையை வச்சுக்கிட்டு டென்ட்லயா?” அந்தக் கேள்வியை அவர்களுக்கு முன்பே நான் என்னிடம் நூறு முறை கேட்டிருந்தேன்.

மே இறுதியில் லண்டனில் ஏறினோம். பிரபுவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலை வேலை. ஐந்து வாரத்துக்கு மேல் விடுமுறை இல்லை. அதனால் ரோமில் அவர் விமானம் ஏறிவிட, கடைசி இரண்டு வாரங்களும் சொச்சமும் நானும் இனியாவும் மட்டும். முதல் ஐந்து வாரங்களைப் பற்றி இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள். குழந்தையோடு தனியாக இப்படிப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக, அந்தக் கடைசி வாரங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். (இனியா தூங்கிய பிறகுதான் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் எண் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் இருபத்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் வழிகாட்டி ஹெதர் மைக்கில் “நம்பர்ஸ்!” என்பார். ஒன்றிலிருந்து வரிசையாக அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். எல்லா எண்ணும் வந்தால்தான் வண்டி நகரும். பிரபு பதினேழு, நான் பதினெட்டு, இனியா பத்தொன்பது. அவள் கூச்சப்படுவாளோ, தூங்கிவிடுவாளோ என்ற பயத்தில் முதல் நாளிலிருந்தே “எய்ட்டீன், நைன்டீன்” என்று இரண்டையும் நானே ஒரே மூச்சில் சொல்லிவந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ரோமில் பிரபு இறங்கிய மறுநாள் காலை, பதினாறுக்குப் பிறகு ஒரு சின்ன மௌனம். நான் வாயைத் திறப்பதற்குள் இனியா, “செவன்டீன் இஸ் இன் ஆக்லாந்து! எய்ட்டீன், நைன்டீன்!” என்று கத்தினாள். பேருந்தே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் மூன்று எண்களும் அவள் பொறுப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் சுமார் 280 கிலோமீட்டர், அங்கிருந்து வெனிஸ் 260. இரண்டு ஊரிலும் முகாம் நகருக்கு வெளியே இருக்கும். பேருந்தோ படகோ பிடித்து உள்ளே போக வேண்டும். வெனிஸ் முகாமில் கொசு அதிகம். கூடாரத்தைத் தனியாக அடிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. பிரபு இருந்தபோது நாற்பது நிமிடம் ஆகும். (அவரும் இதைப் படிப்பார்.) சமையலை முறை வைத்துச் செய்ய வேண்டும், நான்கு பேர் ஒரு குழு. எங்கள் குழுவில் இருந்த வதனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் காய்கறி பேக்கிங் செய்யும் இடத்தில் மேற்பார்வையாளர். வெனிஸில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருபத்தைந்து பேருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்தோம். பாத்திரத்தை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

வெனிஸிலிருந்து சால்ஸ்பர்க்குக்குச் சுமார் 430 கிலோமீட்டர். மலைகளுக்கு நடுவே போகும் பாதை. ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில் காலை பதினொன்றுக்கு முன்பாக நிறுத்தினார்கள். கழிப்பறைக்கு ஒரு யூரோ. போய்விட்டு வந்து இனியாவை இருக்கையில் உட்கார வைத்த பிறகுதான், அவளுடைய சிவப்புத் தண்ணீர் பாட்டிலைக் கைகழுவும் இடத்தில் வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

“பெல்ட் போட்டுக்கோ. பாட்டிலை எடுத்துட்டு ஓடி வந்துடறேன்” என்றேன். அவள் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஃபோன் சார்ஜில், கைப்பை இருக்கையில், அதன்மேல் என் ஜாக்கெட்.

கழிப்பறை வாசலில் மறுபடியும் ஒரு யூரோ கேட்டது இயந்திரம். கையில் காசு இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சைகையில் பாட்டில் குடிப்பதுபோல் நடித்துக் காட்டினேன்; அவர் எனக்குத் தாகம் என்று நினைத்துக் குழாயைக் காட்டி, கடைசியில் ஒருவழியாக உள்ளே விட்டார். பாட்டிலோடு வெளியே ஓடிவந்தால், பேருந்து நின்ற இடத்தில் ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் ஈரமாக ஒரு கோடு போட்டிருந்தது.

ஐந்து வாரங்களாக நான் பயந்தது குழந்தையைத் தொலைத்துவிடுவேன் என்றுதான். அதற்காக அவள் கையில் என் ஃபோன் எண் எழுதிய பட்டை, கழுத்தில் விசில், ஜாக்கெட்டுக்குள் பாஸ்போர்ட் நகல் எல்லாம் இருந்தன. நான் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து நான் இல்லையென்றால் அவள் மூச்சு முட்ட அழுவாள். தூக்கிச் சமாதானப்படுத்த அப்பாவும் இல்லை. ஓடும் வண்டியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தால்? பெட்ரோல் நிலையத்துக் கடைக்குள் ஓடினேன்.

கடையில் இருந்த பெண் தன் ஃபோனைக் கொடுத்தார். ஹெதரின் எண் என் ஃபோனுக்குள். மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்திலேயே ஒன்றுதான்: பிரபுவுடையது. ஆக்லாந்தில் அப்போது இரவு ஒன்பது.

“யாரு?”

“நான்தான் பிரபு. பஸ் போயிடுச்சு.”

“எங்க போயிடுச்சு?”

“என்னை விட்டுட்டுப் போயிடுச்சு!”

“இனியா?”

“பஸ்ல இருக்கா.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு வாங்கும் சத்தம். “சரி. அப்போ குழந்தை தொலையல அனு. நீதான் தொலைஞ்சிருக்க. அந்த இடத்தை விட்டு நகராத. ஹெதர் நம்பர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்க இல்ல, பண்றேன்.”

இனியாவிடம் காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: இருந்த இடத்தில் இரு. நானும் இருந்தேன், ரொட்டி அடுக்கியிருந்த அலமாரிக்குப் பக்கத்தில், பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

சற்று நேரத்தில் கடைக்காரப் பெண்ணின் ஃபோன் அடித்தது. பிரபு சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. “பேசிட்டேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே அவங்க திரும்பறதுக்கு வழி தேடிட்டிருக்காங்க. உன் பொண்ணு சொல்லிட்டாளாம்.”

நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அடுத்த வெளிவழி வரை போய், எதிர்த்திசையில் என்னைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வர வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைக்காரப் பெண் எனக்கு ஒரு காபி கொடுத்து, காசு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் அழுதுகொண்டே குடித்தேன்.

பேருந்து வந்து கதவு திறந்தது. ஹெதர் முகம் வெளுத்து, “ஸாரி, ஸாரி” என்றார். நான் அவரைத் தாண்டி ஓடினேன். இனியா பெல்ட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் வதனி அக்காவின் சிப்ஸ் பாக்கெட். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்களிடம் எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், தமிழில் ஆரம்பித்தாள்.

“எத்தனை தடவை சொல்றது உனக்கு? கையை விடாதன்னு சொன்னேனா இல்லையா? இங்க வந்து உட்காரு!”

அப்படியே என் குரல், என் விரல் நீட்டல். பேருந்தில் வதனி அக்காவைத் தவிர யாருக்கும் மொழி புரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கைதட்டினார்கள்.

வதனி அக்கா பின்பக்கத்திலிருந்து சொன்னார்: “நான் நல்ல நித்திரை, அனு. நம்பர் சொன்னதுகூடப் பாதி நித்திரையிலதான். பிள்ளை பழக்கத்தில உங்கட நம்பரையும் சேர்த்துச் சொல்லிப்போட்டு, பிறகுதான் பக்கத்தில ஆளில்லாததைக் கண்டிருக்கிறாள். அவள் கத்தின சத்தத்திலதான் முழிச்சனான். பெல்ட்டைக் கழட்டேல்லை, பாருங்கோ. இருந்த இடத்திலேயே இருந்து கத்துறாள், ‘ஹெதர், எய்ட்டீன் பொய்! நான் சொன்ன எய்ட்டீன் பொய்!’ எண்டு.”

“அழுதாளா அக்கா?”

“ஓம், அழுதவள்தான். வண்டி திரும்பினாப் பிறகுதான் அழுதவள். முதல் அலுவலை முடிச்சுப்போட்டு.”

அதன்பிறகு எங்கள் இருக்கை வரிசையில் புதுச் சட்டம். அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். சால்ஸ்பர்க்கில் மூன்று நாள் மழை, கூடாரத்துக்குள் ஈரம், ஆனாலும் நான் நன்றாகத் தூங்கினேன். ப்ராக் நகரில் அவள் வேறு இரண்டு பிள்ளைகளோடு முகாமின் விளையாட்டுத் திடலுக்குப் போனபோது, பின்னாலேயே போகாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். (இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். அது கணக்கில் வராது.) ப்ராக்கிலிருந்து பெர்லின் 350 கிலோமீட்டர், பெர்லினிலிருந்து ஆம்ஸ்டர்டாம் 650, இரண்டாவது நாள் பிள்ளைகளுக்கு நீளம், வண்ணம் தீட்டும் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறுக்குப் பிறகு பிரபுவுக்காகப் பேருந்தே ஒரு நொடி நிறுத்தும். அது லண்டன் வரை தொடர்ந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்களுக்குப் பயணக் கட்டணம் பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 170 நியூசிலாந்து டாலர், இனியாவுக்கு 120. சாப்பாட்டுப் பொதுப்பணம் தலைக்குத் தினமும் 12 யூரோ. எல்லாம் நியூசிலாந்துக் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்டனுக்கு இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும், மறக்காதீர்கள். ஜூனிலும் மலைப்பகுதி இரவுகள் குளிரும். நல்ல தூக்கப்பைக்குச் செலவழித்தால் வருத்தப்பட மாட்டீர்கள். சட்டைப்பையில் இரண்டு யூரோ காசு எப்போதும் இருக்கட்டும். வழிகாட்டியின் எண்ணைக் காகிதத்தில் எழுதி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். முதல் நாளிலிருந்தே குழந்தையின் எண்ணைக் குழந்தையே சொல்லட்டும்.

ஜூலையில் மூன்றாம் டெர்ம் தொடங்கிய அன்று இனியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். முன்பெல்லாம் வகுப்பறைக்குள் போய், பையை மாட்டி, டீச்சரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று கேட்டிலேயே என் கையை விட்டாள். பாதி தூரம் போய், திரும்பிப் பார்க்காமலேயே, “நைன்டீன்!” என்று கத்தினாள்.

பக்கத்தில் நின்ற பெற்றோர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை என்று நானும் உரக்கவே சொன்னேன்: “எய்ட்டீன்!”

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கேட்டிலிருந்தே காருக்குத் திரும்பினேன்.