உங்கள் அம்மா உடம்பில் ஓடிய மாமாவின் ரத்தம்

என் பிள்ளைகளே,

அம்மாவின் வருஷத் திதிக்கு வருகிற உறவினர் கையில் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். எல்லோரும் படிக்கட்டும். ஆனால் நான் எழுதுவது உங்களுக்கு. அம்மாவுக்கு வந்தது யாரோ வைத்த செய்வினை என்றும், பெண் மக்களுக்கும் அது தொடரும் என்றும் ஊரில் பேசியதைக் கேட்டு நீங்கள் அழுதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிந்த அளவில் நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா பாலவனத்தத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து அண்ணன் கையில் வளர்ந்தார். அந்த அண்ணன்தான் உங்கள் மாமா. பரளச்சிக்கு வாழ வந்த பிறகும், மாடு வாங்குவதானாலும் "எங்கண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமே" என்பார். கட்டினவன் நான் ஒருவன் இருக்கிறேனே என்று எனக்குக் காந்தும். உலகச் சண்டைக்காலத்தில் அரிசி கிடைக்காதபோது, நமக்குக் கம்பங்கூழை ஊற்றிவிட்டு அவர் மேலே தெளிந்த வெறும் நீத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போனார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் களை எடுக்கிற நிரை பாதியில் உட்கார ஆரம்பித்தார். முகம் வெளுத்தது. இடப்பக்க வயிறு கல்லாக இறுகியது. "ரத்தமே இல்லப்பா, சுவரொட்டி சுட்டுக் குடு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். நம் பக்கம் சோகைக்கு அதுதான் மருந்து. சந்தை தவறாமல் திருச்சுழிக்கு நடந்தேன். கறிக்கடைக்காரர் சிரிப்பார்: "ஏலே, ஆட்டுக்கு ஒண்ணுதாம்லே இருக்கு. நீ கேக்கிறதுக்கு நான் செஞ்சா வைக்க முடியும்?" நானே சுட்டு, நானே ஊட்டினேன். இது மாமாவால் ஆகாத காரியம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு.

பல் ஈறில் ரத்தம் கசியவும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனோம். மாமாவும் வந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெறும் சோகை இல்ல. ரத்தத்துல வர்ற புத்துநோய். எலும்புக்குள்ளதான் ரத்தம் உண்டாகுது. அங்க கோளாறான வெள்ளை அணு பெருகிப்போச்சு. சிவப்பு அணுவுக்கு எடமில்ல. வயித்துல தட்டுப்படுதே, அது வீங்குன மண்ணீரல்."

கம்புக்குள் கோரை மண்டினால் கம்பு எப்படி எழும்? அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். அடுத்த கட்டிலில் நரிக்குடிப் பெண் ஒருவர் கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டிப் படுத்திருந்தார். அதுவும் இதே இனத்து நோய்தானாம், நெறியில் தொடங்குவது. "தொத்துமா? பிள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்டேன். "தொத்தாது. தாய்க்கு வந்ததுனால பிள்ளைக்கும் வரும்னு பயப்பட வேண்டாம். யாரு செஞ்ச பாவமும் இல்ல" என்றார் டாக்டர். பிள்ளைகளே, இந்த ஒரு வரியை மறக்காதீர்கள்.

நோய் போகாது, ரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் தெம்பாக இருப்பார் என்றார்கள். கையை முதலில் நீட்டியவன் நான். அம்மாவின் ரத்தத்தோடு என்னுடையதைக் கலந்தார்கள். திரிந்த பாலாகத் துணுக்குத் துணுக்காகப் போனது. மாமாவுடையது சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் ரத்தம் ஆகவில்லை. அண்ணன் ரத்தம் ஆகிறது! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏற்றின மறுநாள் அம்மாவின் உதட்டில் நிறம் வந்தது. மாமா கையில் கட்டோடு வந்து, "மாப்ள, இனிமே இவ கோவிச்சா எங்க வீட்டு ரத்தம் பேசுதுன்னு நெனச்சுக்கங்க" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மாமா வெளியே போனதும், "ஏங்க, மொகத்த ஏன் இப்பிடித் தூக்கி வச்சிருக்கீக?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியாதாக்கும்! எங்கண்ணன் ரத்தம் இன்னும் எத்தன நாளைக்கு? ஊருக்குப் போனா நீங்க சுட்டுத் தாரதத்தான திங்கணும்."

மாமா மறுபடியும் மறுபடியும் கொடுத்தார். பிறகு அந்த ரத்தமும் உடம்பில் தங்கவில்லை. மாசி மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசி நாளில் மூக்கில் வந்த ரத்தத்தில் சேலை முழுக்க நனைந்தது. என் மடியில்தான் போனார். பிறந்த வீட்டுக் கோடியாக மாமா கொண்டுவந்த புதுச்சேலைதான் அம்மா மேல் கிடந்தது. இழவுக்கு வந்தவர்கள் எல்லாம் மாமாவின் கையில் ஊசி ஏறின தழும்பைத் தடவிப் பார்த்தார்கள். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை.

வழித்துணையாக வந்தவர்கள், கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டு அத்தை, உண்மையை மறைக்காத டாக்டர் எல்லோரையும் கும்பிடுகிறேன். அவர்களுக்கெல்லாம் முன்னால் கும்பிட வேண்டியவர் உங்கள் மாமா. அம்மாவோடு நமக்குக் கூடுதலாகக் கிடைத்த நாட்கள் அவர் தந்தவை. எழுதும்போதும் எனக்குப் பொறாமைதான். நீங்கள் அவரை விட்டுவிடாதீர்கள்.

இறந்தவர் உடுத்தியதைச் சலவைக்காரரிடம் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சேலையை நான் கொடுக்கவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன மறுநாள், உச்சி வெயிலில், தனியாகக் கண்மாய்க்குக் கொண்டுபோய் உவர்மண் போட்டுக் கசக்கினேன். தண்ணீர் சிவந்தது. எது அம்மா ரத்தம், எது மாமா ரத்தம் என்று தெரியவில்லை. தெளிகிறவரைக்கும் அலசினேன். கரையில் விரித்து, காற்றுத் தூக்காமல் ஒரு முனையைப் பிடித்தபடி, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.